தரையும் கரையும்

ஒரு பொருள் முடியும் இடத்தைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. ஏரிக்கும் ஆற்றுக்கும் அமைவது கரை. வயலுக்கு அமைவது வரப்பு. ஏட்டுக்கும் கலத்துக்கும் அமைவது விளிம்பு. ஊருக்கு அமைவது எல்லை. ஆடைக்கும் கரை உண்டு. ஆடையின் உடலை எத்துணை நுண்ணிய நூலால் நெய்தாலும், கரை பிரியுமாயின் அவ்வாடை சின்னாளில் சிதைந்துவிடும். ஏரி எத்துணை ஆழமுடையதாயினும், கரை உடைந்தால் நீர் நில்லாது. ஆகவே, நடுவிடத்தைச் செய்து முடித்த அளவில் எப்பணியும் முடிந்ததாகாது. ஓரமும் செம்மையுற்ற பின்னரே அது முற்றுப்பெறும். வீட்டுத் தரைக்கும் இஃது ஒக்கும்.

தமிழகத்து வீடுகளில் தரை பலவகையாக அமைந்து வந்துள்ளது. மண்ணை இடித்துச் சமன் செய்து சாணமிட்டு மெழுகிய தரை உண்டு. செங்கல் பாவிய தரையும், காவி கலந்த சாந்தைப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய சிவப்புத் தரையும் உண்டு. காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யப்படும் பூங்கற்கள் செட்டிநாட்டு மாளிகைகளுக்கு அழகூட்டின; இன்றும் அவை அங்குச் செய்யப்படுகின்றன. இத்தரைகளை அமைத்தோர் ஓரத்தை மறந்தாரல்லர். பூங்கல் பாவியோர் நடுவில் ஒரு கோலமும் ஓரத்தில் வேறொரு கோலமும் வைத்தனர். சிவப்புத் தரை அமைத்தோர், சுவரடியில் நீர் இறங்காதவாறு சாந்தைச் சுவரின்மேல் அரைச் சாண் அளவு ஏற்றிப் பூசினர்.

இக்காலத்தில் நகர வீடுகளில் பரவிவரும் தரை வகைகளுள் ஒன்று 'லேமினேட்' எனப்படும் அடுக்குப் பலகைத் தரையாகும். பார்வைக்கு அது தேக்குப் பலகையைப் போல இருக்கும். ஆயினும், அஃது ஒரே மரத்தை அறுத்துச் செய்த பலகையன்று. அது தோன்றிய நாடு சுவீடன். அந்நாட்டுப் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-ஆம் ஆண்டில் அதனை உருவாக்கிப் பின்னர்ப் பெர்கோ என்னும் பெயரால் விற்றது. தொடக்கத்தில் பலகைகளின் காடியில் பசை தடவி ஒன்றோடொன்று சேர்த்தனர். 1990-களின் பிற்பகுதியில், சுவீடனின் வேலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் ஆகிய நிறுவனங்கள் பசையின்றியே நாக்கும் காடியும் பூட்டிக்கொள்ளும் அமைப்பைக் கொணர்ந்தன. அதனால் ஓர் அறையின் தரையை ஒரே நாளில் அமைப்பதும் எளிதாயிற்று.

அப்பலகை நான்கு அடுக்குகளை உடையது. மேலே தேய்மானத்தைத் தாங்கும் தெளிந்த அடுக்கு உள்ளது. மெலமைன் என்னும் பிசினும், வைரத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க கடினமுடைய அலுமினிய ஆக்சைடுத் துகளும் கலந்து அஃது ஆக்கப்படுகிறது. அதன் கீழ் மரத்தின் வரிகளை அச்சிட்ட தாள் உள்ளது. மூன்றாவதாக அமைவது, மரநாரைப் பிசினோடு கலந்து பேரழுத்தத்தில் இறுக்கிய உடற்பலகை. அடியில், பலகை வளையாமற் காக்கும் மற்றோர் அடுக்கு இருக்கும். இந்நான்கும் சேர்ந்த பருமன் பெரும்பாலும் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

மேலடுக்கு எத்துணை வலிதாயினும், உடற்பலகை மரநாரே ஆகும். காற்றில் ஈரம் மிகும்போது மரநார் அதனை உட்கொண்டு விரியும். காற்று வறளும்போது ஈரத்தை இழந்து சுருங்கும். மரம் வெட்டுண்டு, நாராகி, பலகையாகிய பின்னும் இவ்வியல்பு அதனை விட்டு நீங்குவதில்லை. அன்றியும், இத்தரை நிலத்தோடு ஆணியாலோ பசையாலோ பிணைக்கப்படுவதில்லை. மெல்லிய நுரைத்தாளின்மேல் எல்லாப் பலகைகளும் ஒரே பாயைப் போலக் கிடக்கின்றன. இதனை 'மிதக்கும் தரை' என்பர். பாய் முழுதும் ஒன்றாகவே விரியும், ஒன்றாகவே சுருங்கும். அவ்விரிவுக்கு இடம் வேண்டும். அவ்விடம் ஓரத்திலன்றி வேறெங்கும் இல்லை. ஆகவே, நான்கு சுவர்களின் அடியிலும் பொதுவாக 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவு இடைவெளி விடப்படுகிறது. அதன் சரியான அளவைப் பலகை செய்வோர் தரும் குறிப்பேட்டில் காணலாம்.

இவ்விடைவெளியின் அருமையை ஒரு வீட்டின் கதையால் அறிதல் எளிது.

சென்னையின் புறநகர் ஒன்றில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம் வாழ்ந்து வந்தது. வீட்டுத் தலைவர் அலுவலகம் ஒன்றில் கணக்கர். அவருடைய தாயார் எழுபத்தெட்டு வயதினர், மூட்டு நோயுடையவர். மார்கழித் திங்களில் 'டைல்ஸ்' தரை அவர் காலுக்குத் தாங்க முடியாத குளிர்ச்சியாக இருந்தது. மகன் ஈராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு, கூடத்திலும் தாயாரின் அறையிலும் அடுக்குப் பலகைத் தரை அமைக்க எண்ணினார். முதிய தச்சர் ஒருவரும், அவருடைய தமக்கை மகனாகிய இளைஞன் ஒருவனும் அப்பணிக்கு வந்தனர். அஃது ஆனித் திங்கள். மேல்காற்று வறண்டு வீசிய காலம்.

பலகைக் கட்டுகள் வந்து இறங்கின. தச்சர் அவற்றைப் பிரிக்கவில்லை; கூடத்தின் நடுவில் கிடையாக அடுக்கி வைத்துவிட்டு, "இரண்டு நாள் கழித்து வருகிறேன், ஐயா" என்றார்.

"இன்றே தொடங்கினால் ஆகாதா, ஆசாரி?" என்று தலைவர் கேட்டார்.

"பலகை இந்த வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும், ஐயா. வந்தவுடன் பரப்பினால் பின்பு அது தன் விருப்பம்போல் நகரும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் அல்லவா?" என்று தச்சர் சிரித்துக்கொண்டே விடைபெற்றார்.

நாற்பத்தெட்டு மணி நேரம் கழிந்தது. மூன்றாம் நாள் இருவரும் வந்து, பழைய தரையை ரசமட்டத்தால் ஆய்ந்து, தூசியைப் போக்கி, நுரைத்தாளை விரித்தனர். சுவரடியில் 10 மில்லிமீட்டர்ப் பருமனுள்ள ஆப்புகளை வரிசையாக வைத்து, அவற்றை ஒட்டியே பலகைகளைப் பூட்டிச் சென்றனர். கதவு நிலையருகே வந்தபோது, பலகையை நிலைக்காலின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்து வெட்ட இளைஞன் முற்பட்டான். தச்சர் அவனைத் தடுத்தார். துண்டுப் பலகை ஒன்றை நுரைத்தாளின்மேல் தலைகீழாக வைத்து, அதன்மேல் கைவாளைப் படுக்க வைத்து, நிலைக்காலின் அடியை அவ்வளவுக்கு அறுத்தெடுத்தார். பின்னர்ப் பலகை நிலைக்காலின் கீழே நழுவிச் சென்று மறைந்தது. வெட்டிய வாய் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே பலகை நகரவும் இடம் இருந்தது.

மாலையில் தரை முழுதும் விரிந்து பளபளத்தது. தலைவரின் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. அவள், "பணி முடிந்துவிட்டதா, தாத்தா?" என்று தச்சரைக் கேட்டாள்.

"பாதி முடிந்தது, அம்மா. இனித்தான் கரை கட்ட வேண்டும்" என்றார் அவர்.

மறுநாட் காலை ஆப்புகளை எடுத்தனர். சுவருக்கும் தரைக்கும் இடையே கரிய கோடு போன்ற இடைவெளி நாற்புறமும் தெரிந்தது. இளைஞன் அதனை உற்று நோக்கி, "மாமா, இதில் மக்கை இட்டு அடைத்து, உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் வேலை எளிதாகுமே?" என்றான்.

"தம்பி, இது நம் பிழையால் நேர்ந்த சந்து அன்று, தரைக்கு நாம் கொடுத்த இடம். இதனை மூடலாம், அடைக்கலாகாது" என்று தச்சர் கூறினார். மூடுதலுக்கும் அடைத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் செய்கையாலேயே காட்டலானார்.

முதற்கண், மெல்லிய தகட்டையும் தூரிகையையும் கொண்டு இடைவெளி முழுதையும் துப்புரவு செய்தார். சாந்துக் கட்டி ஒன்று கடலையளவே அங்குத் தங்கினும், பலகை விரியும்போது அதன்மேல் முட்டி நிற்கும். நகர இடம் இருந்தும் பயனில்லை. பின்னர், சுவரடியில் வைத்தற்குரிய பட்டையைத் தேர்ந்தார். இதனைக் கொத்தனாரும் தச்சரும் 'ஸ்கர்ட்டிங்' என்பர். "இடைவெளி 10 மில்லிமீட்டர். தரை சுருங்கும்போது அது 13 ஆகலாம். அப்போதும் பட்டை அதனை மறைக்க வேண்டும். ஆகவே 15 மில்லிமீட்டருக்குக் குறைந்த பருமன் ஆகாது" என்று அவர் இளைஞனுக்குக் கணக்குக் கூறினார்.

சுவர்களை அளந்து ஒவ்வொரு பட்டைக்கும் எண்ணிட்டார். இரண்டு பட்டைகள் ஒரு மூலையில் கூடுமிடத்தில், ஒவ்வொன்றையும் 45 பாகைச் சாய்வில் வெட்டினால் அவை பொருந்தும் என்பது பொதுவிதி. ஆனால், கட்டிய சுவர்கள் எப்போதும் செங்கோணத்தில் நிற்பதில்லை. ஆதலால், மூலை மட்டத்தை வைத்துப் பார்த்து, கோணம் 92 பாகையாக உள்ள இடத்தில் ஒவ்வொரு பட்டையையும் 46 பாகையில் வெட்டினார். நீண்ட சுவரில் இரண்டு பட்டைகளை இணைக்கும்போது முனைகளை நேராக வெட்டாமல், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு சாய்வாக வெட்டிச் சேர்த்தார். மரம் சிறிது சுருங்கினும் அவ்விணைப்பில் பிளவு எளிதில் தெரியாது.

பட்டையைப் பொருத்தும்போது தச்சர் செய்த ஒரு செயலை மாணவி கூர்ந்து பார்த்தாள். தரைக்கும் பட்டைக்கும் இடையே ஓர் அட்டைத் தாளைச் செருகி வைத்து, பட்டையைச் சுவரோடு மட்டும் திருகாணியால் இறுக்கினார். பின்பு அத்தாளை உருவி எடுத்தார். திருகாணி ஒன்றேனும் தரைப்பலகையில் இறங்கவில்லை. "பட்டை சுவருக்கு உரியது, தரைக்கு உரியதன்று. தரைமேல் அஃது அழுந்தினால், பலகையின் காலைக் கட்டிவிட்டதாகும்" என்றார். திருகாணியின் தலைகளை உள்ளே அமிழ்த்தி, அக்குழிகளில் மட்டுமே மக்கை இட்டார். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் தீட்டினார்.

கூடத்தின் ஓரிடத்தில் நீர்க்குழாய் ஒன்று தரையினின்று எழுந்து சென்றது. அதன் குறுக்களவு 22 மில்லிமீட்டர். அதற்காகப் பலகையில் 42 மில்லிமீட்டர்த் துளை இடப்பட்டிருந்தது. சுவரடியில் விட்ட 10 மில்லிமீட்டர் இடம் குழாயைச் சுற்றியும் இருத்தல் வேண்டுமன்றோ? அத்துளையை வட்டமான மூடி ஒன்றால் மறைத்தார். இவ்வாறு கூடத்தின் பணி அன்று மாலை நிறைவேறியது.

ஐந்தாம் நாள் முதியவரின் அறையில் பணி நடந்தது. அவ்வறை 3 மீட்டர் நீளமுடையது. அங்கே பழைய 'டைல்ஸ்' சுவரடி நல்ல நிலையில் இருந்தமையால் அதனைப் பெயர்க்கவில்லை. கால்வட்ட வடிவமுள்ள மெல்லிய 'பீடிங்' பட்டையை அதன்மேல் ஒட்டி இடைவெளியை மறைத்தலே தக்கது. புதிய தரை பழைய தரையைவிட 11 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தது. ஆகவே, குளியலறை வாயிலில் சரிவுப் பட்டை ஒன்றைத் தச்சர் பொருத்தினார். மேடுபள்ளம் திடீரென அமையின் முதியோர் கால் தடுக்கும். சரிவாக அமையின் தடுக்காது. அப்பட்டையின் திருகாணிகளையும் பலகையில் செலுத்தாமல், இடைவெளியின் வழியே அடித்தரையிலேயே இறக்கினார். குளியலறை நீர் உள்ளே புகாதவாறு, அவ்விடத்தில் மட்டும் மெல்லிய நுரைக்கயிற்றைச் செருகி, அதன்மேல் நெகிழ்ந்து கொடுக்கும் சிலிக்கோன் பசையை இட்டார். உடற்பலகை ஓரத்தில் நீரை உறிஞ்சிப் பருத்தால், உலர்ந்தபின்னும் பழைய நிலைக்கு மீளாது என்பதை அவர் அறிவார்.

நண்பகலில் உறவினர் ஒருவர் இறந்த செய்தி வந்தது. தச்சர் உடனே புறப்பட வேண்டியதாயிற்று. "பதினைந்து மில்லிமீட்டர் பீடிங் வாங்கிச் சுவரடியில் ஒட்டு, ஐயம் இருந்தால் நான் வரும்வரை காத்திரு" என்று இளைஞனிடம் கூறிச் சென்றார்.

இளைஞன் கடைக்குச் சென்றான். 15 மில்லிமீட்டர்ப் பட்டை கையிருப்பில் இல்லை. 8 மில்லிமீட்டர்ப் பட்டையே இருந்தது. மறுநாள் வருமாறு கடைக்காரர் கூறினார். ஆனால், மாமா திரும்புமுன் பணியை முடித்து அவரை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசை இளைஞனை உந்தியது. 8 மில்லிமீட்டர்ப் பட்டையை வாங்கி வந்து வைத்துப் பார்த்தான். 2 மில்லிமீட்டர்ச் சந்து நாற்புறமும் தெரிந்தது. "சிறிய அறைதானே! எத்துணை விரிந்துவிடப் போகிறது? பட்டையின் அடியில் இருப்பதை யார் காணப் போகின்றனர்?" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். இடைவெளி முழுதும் மக்கை நிரப்பி, இறுகியபின் தேய்த்து, அதன்மேல் பட்டையை ஒட்டினான். வீட்டார் பார்த்துப் பாராட்டினர். இரண்டு நாள் கழித்து வந்த தச்சரும், மேலெழுந்தவாரியாகப் பார்த்து, நன்றாக அமைந்ததென்றே எண்ணிச் சென்றார். இளைஞன் ஒன்றும் கூறவில்லை.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கி நாள்தோறும் பெய்தது. காற்றில் ஈரம் நிறைந்தது. கூடத்துத் தரை விரிந்தது. ஆயினும் பட்டையின் அடியில் அதற்கு இடம் இருந்தமையால் விரிந்தது எவருக்கும் தெரியவில்லை. அறையின் தரையும் விரிய முயன்றது. நாற்புறமும் மக்கு இறுகி நின்றது. பக்கத்தில் செல்ல வழியின்மையால் தரை மேல்நோக்கி எழுந்தது. அறையின் நடுவில் ஆமையின் முதுகுபோல் மேடு தோன்றியது. ஓரிரவு முதியவர் எழுந்து நடந்தபோது அம்மேட்டில் கால் தடுக்கிச் சாய்ந்தார். அருகில் உறங்கிய பேர்த்தி விழித்துக் கையைப் பற்றியமையால் விழாமல் தப்பினார். எழுபத்தெட்டு வயதில் விழுந்து எலும்பு முறிந்தால் அதன் துன்பம் எளிதில் தீராது. தாயார் வழுக்காமலும் குளிர் தாக்காமலும் நடக்க வேண்டுமென்று அமைத்த தரையே அவருக்குக் கேடாக முடிய இருந்தது.

மறுநாட் காலை தச்சரும் இளைஞனும் வந்தனர். மேட்டைக் கண்ட தச்சர், உளியால் பட்டையின் ஓரத்தை மெல்ல நெம்பினார். பட்டை பெயர்ந்தது, வெள்ளை மக்கு வெளிப்பட்டது. தச்சர் நிமிர்ந்து பார்க்குமுன், இளைஞன் முன்வந்தான்.

"மாமா, இது நான் செய்தது. நீங்கள் சொன்ன பட்டை கடையில் இல்லை. காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. உங்களிடமும் மறைத்துவிட்டேன்" என்று தலைகுனிந்து கூறினான். பின்பு முதியவரை நோக்கி, "பாட்டி, என்னை மன்னித்துவிடுங்கள்" என்றான்.

தச்சர் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பின்னர் வீட்டுத் தலைவரை நோக்கி, "ஐயா, கை இவனுடையது, பொறுப்பு என்னுடையது. திரும்பி வந்தபோது பட்டையைக் குனிந்து பாராமற் சென்றது என் பிழை. இதனைச் சரிசெய்யக் கூலி வேண்டா" என்றார். இளைஞனிடம் உளியை நீட்டி, "நீ அடைத்ததை நீயே திற" என்று மட்டும் கூறினார்.

இறுகிய மக்கை எடுப்பது எளிதாயில்லை. பலகையின் விளிம்பு சிதையாதவாறு விரற்கடை விரற்கடையாகப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஒரு பிற்பகலில் அடைத்ததைத் திறக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கடைசிச் சுவரையும் விடுவித்த பின்னர், மேடு சிறிது சிறிதாகத் தாழ்ந்து இரண்டு நாளில் சமனாயிற்று. பூட்டு முறிந்த இரண்டு பலகைகளை, முன்னரே எடுத்து வைத்திருந்த மிச்சப் பலகைகளால் மாற்றினர். பின்பு 15 மில்லிமீட்டர்ப் பட்டையை இளைஞனே தன் கையால் ஒட்டினான். ஒவ்வொரு துண்டை ஒட்டுமுன்னும் இடைவெளியில் தகட்டைச் செலுத்திப் பார்த்தான்.

இஃது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மாணவிக்கு ஓர் ஐயம் எழுந்தது. "தரை எவ்வளவோ சிறிதுதானே விரிந்திருக்கும்? மேடு மட்டும் எப்படி இவ்வளவு பெரிதாயிற்று, தாத்தா?" என்று கேட்டாள்.

"எனக்குக் கணக்குத் தெரியாது, அம்மா. கண்டது மட்டுமே தெரியும். நீ போட்டுப் பாரேன்" என்றார் தச்சர்.

அவள் வகுப்பில் கற்ற பித்தகோரசு தேற்றத்தை நினைந்தாள். தரையின் நீளம் 3000 மில்லிமீட்டர். அது 1 மில்லிமீட்டரே மிகுந்து, இரு முனைகளும் நகராமல், நடுவில் கூரைபோல் எழுவதாகக் கொண்டாள். அப்போது ஒரு பாதியின் சாய்ந்த நீளம் 1500.5 மில்லிமீட்டர், அதன் அடி 1500 மில்லிமீட்டர். இவ்விரண்டின் வர்க்கங்களின் வேறுபாடு 1500.25, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 39. "ஒரு மில்லிமீட்டர் மிகுந்தால் முப்பத்தொன்பது மில்லிமீட்டர் எழ வேண்டுமா!" என்று அவள் வியந்து கூவினாள். உண்மையில் பலகை தன்னுள்ளேயே சிறிது நெருங்கிக் கொடுப்பதால் மேடு அவ்வளவு உயர்வதில்லை. எனினும், சிறு விரிவுக்கு இடம் மறுத்தால் பெரு மேடு எழும் என்பது கணக்கினாலும் தெளிவாயிற்று.

இவ்வுண்மை தரைக்கு மட்டும் உரியதன்று. 13 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம், வெப்பம் 40 செல்சியசுப் பாகை மிகும்போது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். இதனாலேயே, தண்டவாளங்களைத் துண்டு துண்டாக இணைத்த பாதைகளில் இணைப்புத்தோறும் சிறு இடைவெளி விட்டனர். பெரிய பாலங்களின் மேற்றளத்திலும் இவ்வாறே இடைவெளி விடுவர். எஃகை நீட்டுவது வெப்பம். மரநாரை விரிப்பது ஈரம். காரணம் வேறாயினும், பொருளின் இயல்பை அறிந்து அதற்கு இடம் தருவதே இரண்டிலும் கையாளும் முறையாகும்.

கைத்தொழிலில் கண்ணுக்குத் தெரியும் பகுதி ஒன்று. தெரியாத பகுதி மற்றொன்று. பட்டையின் வண்ணத்தையும் மூலையின் பொருத்தத்தையும் எல்லோரும் காண்பர். பட்டையின் அடியில் விடப்பட்ட விரற்கடை அளவும் இல்லாத இடத்தை ஒருவரும் காணார். ஆயினும், மழைக்காலம் அதனைக் கண்டுவிடும். யாரும் பாராத இடத்தில் செய்யும் பணியே தொழிலாளியின் நேர்மைக்கு உரைகல் ஆகும். அவ்விளைஞன் இதனை ஓர் ஐப்பசியில் கற்றான். அதன்பின் அவன் சென்ற வீடுகளிலெல்லாம், தரை விரித்து முடித்த மாலையில், "பணி முடிந்ததா?" என்று எவரேனும் கேட்டால், "பாதி முடிந்தது, இனித்தான் கரை கட்ட வேண்டும்" என்றே விடை கூறினான்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு பொருளின் முடிவிடத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் ஐந்தைக் கூறி, ஒவ்வொன்றையும் வாக்கியத்தில் அமைக்க.
2. அடுக்குப் பலகையின் நான்கு அடுக்குகள் யாவை? அவற்றுள் ஈரத்தால் விரிவது எது?
3. "மூடலாம், அடைக்கலாகாது" — இக்கூற்றின் பொருளைத் தச்சரின் செயல்களைக் கொண்டு விளக்குக.
4. தரையின் நீளம் 4 மீட்டராக இருந்து, 1 மில்லிமீட்டர் மிகுமாயின், மேடு எவ்வளவு எழும்? கணக்கிடுக.
5. இளைஞன் செய்த பிழைகள் யாவை? அவற்றுள் பெரிது எது என்று கருதுகின்றாய்? காரணம் தருக.